காசிம் செலாமாட்டும் என் அப்பாவும்

மேடை நிகழ்ச்சிகளுக்குப் போனால் ஒரு கேள்வி தவறாமல் வரும். “உங்களுக்கு ரொம்பப் பிடிச்ச படம் எது?” மணிரத்னமா, வெற்றிமாறனா என்று கேட்பவர் ஆவலாகப் பார்ப்பார். நான் ‘இபு மெர்துவாக்கு’ என்பேன். அதற்குப் பிறகு இரண்டு விநாடி அமைதி. (ரேடியோவில் அப்படி இரண்டு விநாடி அமைதி விழுந்தால் எங்கள் மேலாளர் கதவைத் தட்டிவிடுவார்.) பிறகுதான் சிரிப்பு வரும். தமிழ் ரேடியோவில் பேசிப் பிழைக்கிற பெண்ணுக்குப் பிடித்தது மலாய்ப் படமா? அதுவும் 1962-ல் வந்த கறுப்பு வெள்ளைப் படமா?

ஆமாம். இந்த வாரம் அந்தப் படத்தைப் பற்றித்தான். கூடவே கொஞ்சம் என் அப்பாவைப் பற்றியும்.

பார்க்காதவர்களுக்குக் கதையைச் சொல்லிவிடுகிறேன். அறுபது வருடம் தாண்டிய படத்துக்கு ஸ்பாய்லர் எச்சரிக்கை கேட்காதீர்கள். சிங்கப்பூரில் பணக்கார வீட்டுப் பெண் சபாரியா. ரேடியோவில் சாக்சபோன் வாசிக்கும் காசிம் செலாமாட்டின் மேல் ஆளைப் பார்க்காமலேயே காதல் கொள்கிறாள். (எங்கள் தொழிலுக்கு இதைவிட நல்ல விளம்பரம் கிடையாது.) அம்மா ஞோஞா மன்சூருக்குத் தெரிய வருகிறது. பையன் வக்கீலா, மாஜிஸ்திரேட்டா என்று விசாரிக்கிறாள். இசைக் கலைஞன் என்று தெரிந்ததும் வெடிக்கிறாள். மகளை ஒதுக்கிவிடுகிறாள். காசிம் சாக்சபோனை விட்டுவிட்டு பினாங்கில் கூலி வேலை பார்க்கிறான். வறுமை தாங்காத மகளை அம்மா பிரசவத்துக்கு அழைத்துப் போகிறாள். அங்கிருந்து அவள் இறந்துவிட்டதாகப் பொய்ச் செய்தி அனுப்பிவிட்டு, மகளை ஒரு கண் டாக்டருக்குக் கட்டி வைக்கிறாள். இங்கே காசிம் அழுது அழுது பார்வையை இழக்கிறான்.

மீதியை நம் ஊரில் பிறந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அதே கண் டாக்டர்தான் அவனுக்கு ஆபரேஷன் செய்கிறார். கட்டை அவிழ்க்கிறார்கள், பார்வை வருகிறது, உண்மையும் தெரிய வருகிறது. பார்த்தது போதும் என்று காசிம் இரண்டு முட்கரண்டிகளால் தன் கண்களைத் தானே குத்திக்கொள்கிறான். சின்ன வயதில் இந்தக் காட்சியைப் பார்த்ததிலிருந்து கல்யாண விருந்தில் முட்கரண்டி வைத்தால் எனக்குக் கை கூசும். நான் கையால் சாப்பிடுவதற்குப் பண்பாடு மட்டும் காரணமில்லை.

அப்பா இந்தப் படத்தை முதலில் பார்த்தது தோட்டத்துத் திடலில். காப்பார் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டம். சம்பளம் போட்ட வாரம் இரண்டு கம்பம் நட்டு வெள்ளைத் துணி கட்டுவார்களாம். ஒரு வாரம் எம்ஜிஆர், ஒரு வாரம் பி. ரம்லி. முன்பக்கம் இடம் கிடைக்காத பிள்ளைகள் துணிக்குப் பின்னால் போய் உட்கார்ந்துகொள்வார்கள். அங்கே எல்லாம் இடவலமாகத் தெரியும். “நான் பார்த்த காசிம் செலாமாட் சாக்சபோனைத் திருப்பிப் பிடிச்சிருந்தான்மா. டிவியில பார்த்தப்பத்தான் நேராப் பிடிச்சான்,” என்பார் அப்பா. இதை எத்தனை முறை கேட்டிருப்பேன் என்று கணக்கில்லை.

எங்கள் வீட்டில் ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் என்றால் அப்பா, நான், கச்சாங் பூத்தே பொட்டலம், டிவியில் பி. ரம்லி. அம்மா சமையலறையிலிருந்து வசனத்தை முன்கூட்டியே சொல்லிவிடுவார். எங்களுக்கு அது மலாய்ப் படம் என்று தோன்றியதே இல்லை. ஏழை நாயகன், பணக்காரக் காதலி, கொடுமைக்கார அம்மா, சோகத்தில் ஒரு பாட்டு. “நம்ம படம்தான், மலாய்ல பேசுறாங்க,” என்பார் அப்பா. மீடியா படிக்கப் போன பிறகுதான் அது வெறும் வாய்ப்பேச்சு இல்லை என்று எனக்குப் புரிந்தது.

சிங்கப்பூரில் பாலஸ்டியர் வட்டாரத்தில் ஜாலான் அம்பாஸ். ஷா சகோதரர்களின் ஸ்டூடியோ அங்கேதான் இருந்தது. ரம்லி படமெடுக்கக் கற்றுக்கொண்ட பள்ளிக்கூடமும் அதுதான். ஆரம்ப காலத்தில் அங்கே டைரக்டர் நாற்காலியில் உட்கார்ந்திருந்தவர்களில் பெரும்பாலோர் இந்தியாவிலிருந்து வந்தவர்கள். 1948-ல் ‘சிந்தா’ படத்தில் பி. எஸ். ராஜ்ஹன்ஸ் ரம்லியைத் திரைக்குக் கொண்டு வந்தார். அதில் அவருக்கு வில்லன் வேடம். ஆனால் கதாநாயகனுக்குப் பின்னணிக் குரலும் அவர்தான்! திரையில் அடி வாங்குபவரே திரைக்குப் பின்னால் நின்று அடிப்பவருக்காகப் பாடுகிறார். அவரைக் கதாநாயகனாக்கியது 1950-ல் வந்த ‘பக்தி’. இயக்கியவர் எல். கிருஷ்ணன், மெட்ராஸில் பிறந்து பினாங்கில் வளர்ந்தவர். எஸ். ராமநாதன் இருந்தார். வங்காளத்திலிருந்து வந்த பணி மஜும்தார் ‘ஹாங் துவா’ எடுத்தார். அதற்கு முன்பே, மற்றவர்களைப் பார்த்துப் பார்த்து 1955-ல் ரம்லி தானே ‘பெனாரிக் பெச்சா’வை இயக்கிவிட்டார். கதாநாயகன் ஒரு டிரைஷா ஓட்டி.

எம்ஜிஆர் பிறந்தநாளும் கண்ணதாசன் நினைவுநாளும் எனக்கு மனப்பாடம். வருடா வருடம் நிகழ்ச்சி செய்கிறேன். எல். கிருஷ்ணன் பெயரை நான் மைக்கில் சொன்னது இதுவரை ஒரே ஒரு முறை. அதுவும் ஒரு புதிர்ப் போட்டியில். சரியான விடை சொல்லி யாரும் அழைக்கவில்லை. யாரையும் குறை சொல்ல எனக்குத் தகுதியில்லை. நானே பல்கலைக்கழகத்தில்தான் தெரிந்துகொண்டேன்.

இன்னொரு சின்ன விஷயம். பார்வை போன காசிமை ஒரு தாயும் மகளும் வீட்டில் வைத்துப் பார்த்துக்கொள்வார்கள். அந்தத் தாயைப் படத்தில் ‘மாமி’ என்று அழைப்பார்கள். பினாங்கில் இந்திய முஸ்லிம் குடும்பத்துப் பெண்களை இன்றும் அப்படித்தான் கூப்பிடுகிறார்கள். அந்தச் சொல் எங்கிருந்து வந்தது என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. அப்பா அந்த இடம் வரும்போதெல்லாம் என்னைத் திரும்பிப் பார்ப்பார்.

படம் முழுக்க எனக்குப் பிடித்தமான இடம் மாமியார் வேலையை விசாரிக்கும் காட்சி. காரணம் சொந்தக் கதை. எஸ்டிபிஎம் முடித்ததும் நான் மீடியா படிக்கப் போகிறேன் என்றேன். கணக்கியல் படித்தால் வேலை நிச்சயம் என்றார் அப்பா. போர்ட் கிள்ளானிலிருந்து இருபத்தெட்டு வருடம் லாரி ஓட்டிய மனிதர். மகள் ஏர்கோன் அறையில் மேசைக்கு முன்னால் உட்கார வேண்டும் என்பது அவர் ஆசை. நான் ஏர்கோன் அறையில்தான் உட்கார்ந்தேன். மேசைக்குப் பதிலாக மைக். அவர் சண்டை போடவில்லை. உறவுக்காரர்கள் கேட்டால் மட்டும் “கம்பெனியில இருக்கா” என்பார். எந்தக் கம்பெனி என்று சொல்ல மாட்டார்.

பெண் பார்க்க ஒரு குடும்பம் வந்தது. பையனின் அம்மா தேநீரை உறிஞ்சிவிட்டு, “ரேடியோவுல பேசுறது சரி, முழுநேர வேலை என்ன?” என்று கேட்டார். அறை நிசப்தமானது. அப்பா என்னைப் பார்த்தார், நான் அப்பாவைப் பார்த்தேன். இருவருக்கும் ஒரே நேரத்தில் ஞோஞா மன்சூர் ஞாபகம் வந்துவிட்டார். அப்பாவுக்கு அடக்க முடியவில்லை, இருமுவதுபோல் எழுந்து பின்கட்டுக்குப் போய்விட்டார். அந்த இடம் முடியவில்லை என்று சொல்லத் தேவையில்லை. அன்றிரவு அப்பா படத்தைப் போடச் சொன்னார். அந்தக் காட்சியில் கண்ணில் நீர் வர இருவரும் சிரித்தோம். அதன் பிறகு “கம்பெனியில இருக்கா” என்பதை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

இதெல்லாம் நல்ல கதைகள். மேடையில் சொன்னால் கைதட்டு வாங்கலாம், வாங்கியும் இருக்கிறேன். மேடையில் சொல்லாதது இனிமேல்தான்.

மூன்று நான்கு வருடமாக அப்பாவுக்குப் பழைய படங்களின் மேல் மோகம் கூடிக்கொண்டே வந்தது. புதுப் படம் எதைப் போட்டாலும், “இந்தக் கலர் கண்ணைக் கூசுதும்மா, ரம்லி போடு,” என்பார். எனக்கோ பெருமை தாங்கவில்லை. பார்த்தீர்களா, லாரி ஓட்டிய மனிதர், ஒளிப்பதிவு பற்றி யாரும் சொல்லித் தராமலேயே கறுப்பு வெள்ளையின் அழகைப் பிடித்துக்கொண்டார் என்று நண்பர்களிடம் சொன்னேன். இதே பக்கத்தில் அதை ஒரு வரி எழுதியதாகக்கூட ஞாபகம். என் காலை நிகழ்ச்சியையும் விடாமல் கேட்க ஆரம்பித்தார். ஏழு பத்துக்கு நான் என்ன உளறினேன் என்பது வரை சொல்வார். மகளின் ரசிகராகிவிட்டார் என்று நினைத்துக்கொண்டேன்.

போன வருடம் ஒரு ஞாயிற்றுக்கிழமை. வழக்கம்போல் அதே படம். சபாரியா திரையில் பேசிக்கொண்டிருக்கிறாள். எனக்கு வேலையிடத்திலிருந்து போன். ரிமோட்டில் ஒலியை மட்டும் அணைத்துவிட்டு, போனை எடுத்துக்கொண்டு சன்னல் பக்கம் திரும்பினேன். ஒரு நிமிடம் இருக்கும்.

“ஏம்மா படத்தை நிறுத்திட்ட?” என்றார் அப்பா.

திரும்பிப் பார்த்தேன். படம் ஓடிக்கொண்டுதான் இருந்தது. அப்பாவின் கண்கள் திறந்துதான் இருந்தன. டிவியை நோக்கித்தான் உட்கார்ந்திருந்தார்.

நான் ஒலியைக் கூட்டினேன். “ஹ்ம்,” என்றார் அப்பா. நாற்காலியில் சாய்ந்துகொண்டார்.

அன்று மாலை அம்மாவும் நானும் சமையலறையில் நின்றபடி ஒவ்வொன்றாகக் கோத்தோம். மேசையில் மடிப்புக் கலையாமல் கிடக்கும் பேப்பர். “நீயே படிச்சுச் சொல்லு” என்று நீட்டப்படும் வாட்ஸ்அப். இருட்டிய பிறகு கப்சாயை எடுக்காமல் விட்டது. “ராத்திரியில பனி, ஒத்துக்கலை” என்றவரை நாங்கள் நம்பியிருக்கிறோம். கிள்ளானில் என்ன பனி? உறைக்கிறது என்று சொல்லித் தட்டில் குழம்பை ஒதுக்கியது மீன் முள் பயத்தால்தான். கலர் படம் கூசியதும் அதனால்தான். நான் ரசனை என்று எழுதியது கண்புரை.

பிறகு டாக்டர் விளக்கினார். பாப்பாவுக்குப் பின்னால் இருக்கும் வில்லை மெல்ல மெல்ல மங்கி, மஞ்சள் பாரித்துவிடுகிறது. எதிரே வரும் வண்டியின் விளக்கு சிதறித் தெரியும். நிறங்கள் வெளுக்கும், நீலம் முதலில் போகும். வலி கிடையாது. அதனால் பழகிக்கொள்கிறார்கள். சர்க்கரை நோய் உள்ளவர்களுக்குச் சீக்கிரமே வரும். அப்பாவுக்குச் சர்க்கரை பதினைந்து வருடமாக இருக்கிறது. கால் பாதத்தைப் பார்ப்போம், சிறுநீரகத்தைப் பார்ப்போம். கண் என்று ஒன்று இருப்பதை நாங்கள் மறந்துவிட்டோம். வீட்டில் சர்க்கரைக்காரர் இருந்தால் வருடத்துக்கு ஒரு முறை கண்ணைக் காட்டுங்கள். ரேடியோவில் இதை எத்தனை முறை படித்திருக்கிறேன் தெரியுமா? அறிவிப்பு என்று கொடுத்த தாளைப் படிப்பது என் வேலை. யாருக்காகப் படிக்கிறேன் என்று யோசித்ததில்லை.

ஆபரேஷன் என்றதும் அப்பா ஒரே வார்த்தையில் மறுத்துவிட்டார். ஆறு மாதம் போராடினோம். அண்ணன் பேசினான், மாமா பேசினார். பக்கத்து வீட்டுப் பெரியவர் தன் இரண்டு கண்ணையும் திறந்து காட்டிவிட்டுப் போனார். அப்பா எல்லாருக்கும் ஒரே பதில் வைத்திருந்தார். “காசிம் செலாமாட்டும் ஆபரேஷன் பண்ணித்தான் பார்த்தான். என்ன ஆச்சு?”

எல்லாரும் சிரிப்பார்கள், பேச்சு அங்கேயே நின்றுவிடும். பயத்தை நகைச்சுவைக்குள் ஒளித்து வைக்கும் வித்தையை நான் யாரிடம் கற்றேன் என்று அப்போதுதான் தெரிந்தது.

கடைசியில் என் தொழிலைத்தான் பயன்படுத்தினேன். நல்ல காரியம் செய்தேனா, திருட்டு வேலை செய்தேனா, நீங்களே சொல்லுங்கள். காலை நிகழ்ச்சிக்கு ஒரு கண் மருத்துவரை அழைத்திருந்தோம். நேயர் கேள்வி நேரத்தில், “கிள்ளானிலிருந்து 67 வயது நேயர் ஒருவர் கேட்கிறார்” என்று நானே ஒரு கேள்வியை வாசித்தேன். ஆபரேஷன் நடக்கும்போது கத்தி வருவது தெரியுமா? நடுவில் இருமினால் என்ன ஆகும்? கட்டை அவிழ்த்த பிறகு ஒன்றும் தெரியாமல் போனால்? அப்பா எங்களிடம் ஒருபோதும் கேட்காத கேள்விகள் அவை. ஆனால் தூக்கம் வராத இரவுகளில் அம்மாவிடம் கேட்டிருக்கிறார்.

டாக்டர் நிதானமாகப் பதில் சொன்னார். கண்ணை மட்டும் மரக்கச் செய்வார்கள், ஆள் விழித்திருப்பார். இரண்டு மூன்று மில்லிமீட்டர் கீறல்தான். உள்ளே கெட்டுப்போன வில்லையை அல்ட்ராசவுண்ட் அதிர்வில் உடைத்து உறிஞ்சிவிட்டு, மடித்த செயற்கை வில்லையை வைத்தால் அது உள்ளே போய் விரிந்துகொள்ளும். பெரும்பாலும் அரை மணி நேரத்துக்குள் முடிந்துவிடும். ஒரு கண் ஆறிய பிறகுதான் அடுத்த கண். இருமல் வந்தால் முன்கூட்டியே சொல்லிவிடலாம், நிறுத்துவார்கள். எல்லா ஆபரேஷனைப் போலவும் இதிலும் ஆபத்து உண்டு, ஆனால் மிகக் குறைவு. புரையை அப்படியே விட்டால் பார்வை மங்கிக்கொண்டேதான் போகும் என்றார்.

நிகழ்ச்சி முடிந்து காருக்கு வந்தேன். அப்பாவிடமிருந்து குரல் பதிவு வந்திருந்தது. நான்கு விநாடிதான் இருக்கும்.

“அந்த நேயருக்கு வயசு 67 இல்ல, 68.”

அடுத்த வாரம் கிளினிக்குக்கு வந்தார். சர்க்கரை அளவைக் கீழே கொண்டுவர இரண்டு மாதம் ஆனது. அதுவரை தே தாரிக் கிடையாது என்றதும்தான் நிஜமாகவே கோபப்பட்டார். பிறகு அரசாங்க மருத்துவமனையில் தேதி கிடைத்தது. முதலில் இடது கண். நான் வெளியே நாற்காலியில் உட்கார்ந்திருந்தேன். நான் எதிர்பார்த்ததைவிடச் சீக்கிரமே சக்கர நாற்காலியில் தள்ளிக்கொண்டு வந்துவிட்டார்கள். கண்ணின் மேல் துளைகள் போட்ட பிளாஸ்டிக் மூடி. “என்னப்பா தெரிஞ்சது?” என்றேன். தண்ணீருக்குள்ளிருந்து விளக்கைப் பார்த்த மாதிரி இருந்ததாம். உள்ளே பாட்டுப் போட்டிருந்தார்களாம். “உன் ஸ்டேஷன் இல்ல,” என்றார்.

மறுநாள் மூடியை எடுத்தார்கள். படத்தில் இந்தக் காட்சியை எத்தனை முறை பார்த்திருக்கிறேன்! கட்டு ஒவ்வொரு சுற்றாக அவிழும், பின்னணியில் வயலின் ஏறும். இங்கே நர்ஸ் டேப்பை உரித்தார். அப்பா கண்ணைச் சிமிட்டினார், சுவரைப் பார்த்தார், என்னைப் பார்த்தார். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றேன்.

“உனக்கு எப்ப இவ்வளவு நரைச்சது?” என்றார்.

நர்ஸுக்குத் தமிழ் தெரியாது. நான் ஏன் அழுகிறேன் என்று பயந்து டாக்டரைக் கூப்பிடப் போய்விட்டார்.

வலது கண்ணுக்கு அடுத்த மாதம் தேதி. அதுவரை அப்பாவுக்குப் புது விளையாட்டு கிடைத்திருக்கிறது. நாள் முழுக்க ஒரு கண்ணை மூடி, மறு கண்ணைத் திறந்து, மாற்றி மாற்றி வீட்டைச் சோதிக்கிறார். இடது கண்ணில் சுவர் வெள்ளை, வலது கண்ணில் அதே சுவர் தேநீர் கொட்டிய நிறம். சாமி மேடையில் ஒட்டடை, ஃபேன் இறக்கையில் தூசி, எதுவும் தப்பவில்லை. அம்மாவுக்குப் பொறுக்கவில்லை. “இதுக்கா ஆபரேஷன் பண்ணோம்?” என்று என்னிடம் முறையிட்டார்.

போன ஞாயிற்றுக்கிழமை கச்சாங் பூத்தே வாங்கிக்கொண்டு போயிருந்தேன். படம் போடலாமா என்று கேட்டேன். அப்பா பதில் சொல்லவில்லை. துணி காயப்போட்டுக்கொண்டிருந்த அம்மாவைச் சன்னல் வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். வலது கண்ணை உள்ளங்கையால் மூடினார். எடுத்தார். மறுபடி மூடினார்.

“இந்தப் புடவை நீலமா?” என்று கத்திக் கேட்டார்.

“வாங்கின நாள்லேருந்து நீலம்தான்,” என்றார் அம்மா, திரும்பாமலேயே. “தீபாவளிக்கு நீங்கதான் எடுத்துக் குடுத்தீங்க.”